ஊர்தியும் ஊர்வோனும்

சிறு பெட்டியொன்றில் அடைத்து விற்கப்படும் பிளாஸ்டிக் உறுப்புக்களை ஒட்டி, வண்ணந் தீட்டி, ஜெட் விமானத்தின் சிற்றுருவொன்றை ஆக்கும் தொழிலைச் சிறார் விளையாட்டென இகழ்வாரும் உளர். அருங்கலையெனப் புகழ்வாரும் உளர். இவ்விரு திறத்தாரோடும் வழக்காடுதல் எம் கருத்தன்று. அத்தொழிலில் ஈடுபட்டார் தமக்குள்ளேயே தீர்க்காது விட்டிருக்கும் வழக்கொன்று உண்டு. விமானத்தினுள் ஓட்டியின் உருவை இருத்துதல் வேண்டுமா, வேண்டாவா என்பதே அது. பெட்டிகள் பலவற்றில் ஓட்டியின் உருவொன்றும் உடன் வருகின்றது. செய்வோரிற் பலர் அதனை எடுத்து அப்புறம் போட்டுவிடுகின்றனர். அங்ஙனம் போடலாகாது என்பது எம் துணிபு.

பிளாஸ்டிக்கால் ஆகிய விமானப் பெட்டிகளுள் முந்தியது, இங்கிலாந்தில் 1936-ஆம் ஆண்டு பிராக் நிறுவனத்தார் வெளியிட்ட பென்குவின் வரிசை. எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவையே அவ்வரிசை மேற்கொண்டது. இன்றும் அவ்வளவே பெருவழக்கு. எழுபத்திரண்டு என்னும் எண் எங்கிருந்து வந்ததென மயங்கவேண்டா. ஆறடிக்கு எழுபத்திரண்டு அங்குலம். ஆகவே, ஆறடி உயரமுள்ள ஆடவன் ஒருவன் இவ்வளவிற் சரியாக ஓரங்குலம் நிற்பான். ஆளை வைத்து எளிதிற் கணிக்கத்தக்க அளவில் ஊர்தியைச் செய்துவிட்டு, ஆளை மட்டும் வெளியே தள்ளுவது வியப்பன்றோ?

ஆளில்லாச் சிற்றுருக்கள் வேண்டப்பட்ட காலமும் ஒன்றிருந்தது. 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையார் தம் நாட்டுப் பள்ளி மாணாக்கரை நோக்கி, மரத்தாற் செதுக்கிய விமானச் சிற்றுருக்கள் 5 லட்சம் செய்து தருமாறு கேட்டனர். அவையும் இதே அளவின. முப்பத்தைந்து அடித் தொலைவில் அத்தகைய உருவைப் பிடித்துக் காட்டினால், மெய்யான விமானம் ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பால் தோன்றுமாறு தோன்றும். பகைவனது எது, நம்மவரது எது என்று பீரங்கிப் படையினர் நொடிப்பொழுதிற் பிரித்தறியப் பழகுதற்கே அவை பயன்பட்டன. முழுதும் கருமை பூசிய அம்மரக் கட்டைகளில் ஓட்டிக்கு இடமேது? நிழலைக் கண்டு சுடுவார்க்கு நிழலே போதும். நாமோ சுடுதற்பொருட்டுச் செய்கிலேம், நோக்குதற்பொருட்டுச் செய்கின்றோம்.

யாம் எடுத்துக்காட்டாகக் கொள்வது மிக்-21. சோவியத் நாட்டில் எழுந்து, 11,000-க்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் கட்டப்பெற்ற இவ்விமானம், 1963-ஆம் ஆண்டு சண்டிகரில் இந்திய விமானப்படையிற் சேர்ந்தது. பின்னர் நாசிக்கிலும் கட்டப்பட்டது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அதே சண்டிகரில் விடை பெற்றது. இடையே கழிந்தன அறுபத்திரண்டு ஆண்டுகள். இறக்கையின் விரிவு 7.15 மீட்டர், சிற்றுருவிலோ பத்துச் செண்டிமீட்டருக்கும் சற்றே குறைவு. உள்ளங்கையில் வைத்தால் அடங்கிவிடும்.

இதனைச் செய்யும் முறையில் ஒட்டும் பகுதி விரைவில் முடிவது. உடற்கூட்டின் இரு பாதிகளையும் இணைத்த கோட்டைப் பட்டியிட்டு நிரப்பி, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தல் வேண்டும். உண்மையான உழைப்பு வண்ணத்தில் உள்ளது. மிக்-21-இன் முற்பட்ட வகைகள் வண்ணம் பூசாத உலோகத் தோற்றத்தோடு பறந்தன. அதனைக் காட்ட வெள்ளி வண்ணம் வேண்டும். வெள்ளியைப் போல இரக்கமற்ற வண்ணம் பிறிதில்லை. பச்சையும் பழுப்பும் பிழையை மறைக்கும். வெள்ளியோ தலைமயிரளவு கீறலையும் பறையறைந்து காட்டும். ஆகலின், முதலிற் பளபளக்கும் கருமையைப் பூசி, அது முற்றும் உலர்ந்தபின், அதன்மேல் வெள்ளியை மிக மெல்லிதாகப் படரவிடுவர். அடியிலுள்ள கருமையே மேலுள்ள வெள்ளிக்கு உலோக ஒளியைத் தருகின்றது. அங்ஙனமும் ஒரே வெள்ளியை உடல் முழுதும் பூசுவது பொருந்தாது. தகட்டுக்குத் தகடு சிறிது வேறுபாடு வேண்டும். வால்புறத்தே எந்திரத்தின் வெம்மை பட்டவிடம் கருகி நீலம் பாய்ந்திருத்தல் வேண்டும். நீரில் நனைத்து ஒட்டும் மூவண்ண வட்டங்களை ஒட்டுமுன் பளபளப்பு நெய் பூசுதல் இன்றியமையாதது. சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியிற் காற்றுத் தங்கி, வட்டத்தைச் சுற்றி வெண்படலம் தோன்றும்.

இனி, எந்த மிக்-21 என்னும் கேள்வி எழும். 1971-ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் வெள்ளியாய் விளங்கிய விமானங்கள் சிலவற்றின்மேல் அவசர அவசரமாகப் பச்சை வண்ணம் பூசப்பட்டது. அப்பூச்சின் ஒழுங்கின்மையைக் காட்டுதலே சிற்றுரு செய்வோர்க்குப் பெருவிருப்பம். அவ்வகையில் எம் விருப்பமும் அதுவே. ஆனால் அப்பச்சை எதற்காகப் பூசப்பட்டதென்பதை மறந்து அதன் அழகை மட்டும் பேசுதல் ஆகுமோ? அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் மிக்-21 விமானங்கள் டாக்கா நகரின் ஆளுநர் மாளிகையை ராக்கெட்டுக்களால் தாக்கின. ஆளுநர் மாலிக் அன்றே பதவி துறந்தார். இரண்டு நாள் கழித்துப் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மேலே அமர்ந்திருந்தவனும் மனிதன். கீழே கூரை இடியக் கண்டவர்களும் மனிதர். ஓட்டியில்லாத சிற்றுருவை மேசைமேல் வைத்துப் பார்ப்பார்க்கு இவ்விருவரில் ஒருவரும் நினைவுக்கு வாரார். அழகிய வெள்ளிப் பறவையொன்று நிற்கும், அவ்வளவே.

அன்றியும், இவ்விமானத்தை ஊர்ந்தவர்க்குப் பகைவராற் போலவே விபத்தாலும் ஆபத்து இருந்தது. 2012-ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் அரசினர் அளித்த விடையின்படி, இந்தியா வாங்கிய மிக் வகை விமானங்கள் 872-இல் 482 விபத்துக்களில் அழிந்தன. ஓட்டிகள் 171 பேரும், நிலத்திலிருந்த பொதுமக்கள் 39 பேரும் மாண்டனர். இத்தொகை மிக் வகை அனைத்தையும் சேர்த்தது. மிக்-21-க்கு மட்டும் உரியதன்று. பழியை முழுவதும் எந்திரத்தின்மேற் சுமத்துதலும் முறையாகாது. மெல்லப் பறக்கும் பயிற்சி விமானத்திற்கும் ஒலியினும் விரைந்து செல்லும் இதற்கும் இடையே படியாக நிற்கத்தக்க ஹாக் பயிற்சி விமானம் 2008-ஆம் ஆண்டிலேதான் வந்து சேர்ந்தது. அதுகாறும் அந்தப் பெரும் இடைவெளியைத் தாண்டியவர், கல்லூரி வயதைக் கடந்து நாலைந்து ஆண்டுகளும் ஆகாத இளைஞர். நம்மினும் சிறிதே மூத்தவர். இதழ்கள் இவ்விமானத்தைப் பறக்கும் சவப்பெட்டி என்று எழுதின. அச்சொல்லை யாம் விரும்பவில்லை. அதனுள்ளும் ஊர்தியே பேசப்படுகின்றது, ஊர்ந்தவன் பேசப்படவில்லை.

மறுப்புரைப்பார் கூறுவன யாவை? ஆசனத்தின் பட்டைகளையும், சோவியத் விமானங்கட்கே உரிய பசுநீலம் தோய்ந்த உட்சுவரையும், கருவித் தட்டின் முட்களையும் இரவெல்லாம் கண்விழித்துத் தீட்டினோம்; ஓட்டியை வைத்தால் அவையெல்லாம் மறையுமே என்பர். மறையட்டும். மெய்யான விமானத்திலும் ஓட்டி அமர்ந்தபின் அவை மறைந்தே இருந்தன. சக்கரத்தின்மேல் நிற்கும் விமானத்தில் ஓட்டி எதற்கு என்பது மற்றொரு வினா. இது நேரிய வினாவே. அங்ஙனமாயின் அவனை ஏணியருகே நிறுத்தலாம். சக்கரங்களை மடக்கித் தாங்குகோலின்மேற் பறக்கவிடுவார்க்கோ விலக்கில்லை. ஓட்டி ஊர்ந்த போர்விமானத்தை ஓட்டியின்றிப் பறப்பதாகக் காட்டுதல் பொய். பெட்டியில் வரும் உருவம் முகமும் கையும் தெளிவின்றி மெழுகுப் பொம்மைபோல் இருக்கின்றது என்பாரும் உளர். இவர் கூற்று முற்றும் உண்மை. ஆயின், இறக்கையின் ஓரத்தை மயிரளவு மெலிதாக்க இரண்டு மாலைப்பொழுதைச் செலவிடுவார், ஓரங்குல மனிதனுக்கு அரைமணி நேரமும் தரலாகாதோ?

அவ்வரைமணியில் செய்யவேண்டுவது பெரிதன்று. கூரிய கத்தியால் தலைக்கவசத்தின் விளிம்பையும் கைவிரல்களையும் சிறிது செதுக்குக. முகத்தின் வண்ணத்தில் மட்டும் கருத்தூன்றுக. ஹம்பிரால் நிறுவனத்தார் 61 என்னும் எண்ணிட்டுத் தசை நிறமென விற்பது ஐரோப்பியர் முகத்துக்கு ஏற்ற இளஞ்சிவப்பு. அதனை அப்படியே பூசினால் இந்திய வட்டங்கள் பொறித்த விமானத்தில் யாரோ ஒருவன் அமர்ந்திருப்பான். நம் நாட்டார் நிறத்திற்குப் பழுப்பு மிகச் சேர்த்துக் குழைத்தல் வேண்டும். மூச்சுக் கவசத்துக்கும் தலைக்கவசத்துக்கும் இடையே முகம் தெரியும் இடம் கடுகளவே. மெல்லிய தூரிகையின் நுனியில் ஒரு துளி போதும். அது உலர்ந்தபின் மேல்மூடியை வெண்பசை கொண்டு ஒட்டுக. கணத்தில் ஒட்டும் பசையைத் தொடாதீர். அதன் ஆவி மூடியின் உட்புறத்தே பனிபோற் படியும், உள்ளிருப்பவன் தோன்றான்.