தையல் மிஷின் பிழைப்புக்கு மட்டும்தானா?

தீபாவளி நெருங்கினால் கடலூரிலும் சிதம்பரத்திலும் தையல் கடைகளில் 'ஆர்டர் எடுப்பதில்லை' என்ற அட்டை தொங்க ஆரம்பித்துவிடும். துணியோடு வந்தவர்கள் அடுத்த கடையைத் தேடிப் போவது வழக்கம். இப்போது அவர்களில் சிலர் வீட்டுக்குத் திரும்பி, பரணில் கிடக்கும் மிஷினை இறக்கித் துடைத்து எண்ணெய் போடுகிறார்கள். 2020 ஊரடங்கில் முகக்கவசம் தைப்பதற்காக இறங்கிய மிஷின்களில் சில மறுபடி பரண் ஏறவே இல்லை. யூடியூபில் தமிழிலேயே கட்டிங் சொல்லித் தருகிறார்கள். தெருவுக்குத் தெரு ஆரி வகுப்பு விளம்பரம் தெரிகிறது. ஆசிரியை, வங்கி ஊழியர், கல்லூரி மாணவி என, தைத்துப் பிழைக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்களும் தைக்க உட்காருகிறார்கள்.

அவர்களிடம் அக்கம்பக்கம் கேட்கும் முதல் கேள்வி: "மாசம் எவ்வளவு வருது?" ஒன்றும் வரவில்லை, பிடித்திருப்பதால் தைக்கிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. பாட்டு கற்றுக்கொள்பவரிடமோ மாடித்தோட்டம் போடுபவரிடமோ இந்தக் கேள்வி இவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. தையலுக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு? மிஷின் நம் வீடுகளுக்குள் வந்த வழியில் இதற்குப் பதில் இருக்கிறது.

தைக்காமல் உடுத்திய சீமை

கடலூர் துணிக்குப் பேர்போன மாவட்டம். பரங்கிப்பேட்டையிலிருந்தும் கடலூரிலிருந்தும் துணி கப்பலேறியது. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டையாக்கியதில் துணி வணிகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குறிஞ்சிப்பாடியில் இன்றும் கைலி நெய்கிறார்கள். ஆனால் நெய்த துணியில் பெரும்பகுதி ஊசி படாமலே உடம்புக்கு வந்தது. வேட்டிக்கும் துண்டுக்கும் சேலைக்கும் தையல்காரர் தேவையில்லை. கைலியை மூட்ட ஒரே ஒரு தையல் போதும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கர் நிறுவனத்துக்காக இந்தியாவில் மிஷின் விற்ற பம்பாய்ப் பார்சி முகவர் நஸர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேலுக்கு இதுவே பெரிய தடை. தைத்த உடை குறைவாக உள்ள நாட்டில் தையல் மிஷினை யாரிடம் விற்பது? ரவிக்கையும் சட்டையும் பள்ளிச் சீருடையும் பரவப் பரவத்தான் மிஷினுக்கு வேலை வந்தது. 1930களில் கல்கத்தாவில் தயாராகத் தொடங்கிய உஷா, பிறகு நாடு முழுவதும் வீட்டுப் பெயரானது. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியும் 1924இல் சிங்கர் மிஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் கண்ட ஒருவர் அன்பினால் உருவாக்கிய கருவி என்பது அவர் சொன்ன காரணம்.

நம் ஊரில் அந்தக் கருவிக்கு வேறொரு முகம் ஏற்பட்டது. தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் பயனாளிகள் யார்? கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள். அரசின் இலவசப் பள்ளிச் சீருடைகளைத் தைப்பவை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிராமங்களில் தொண்டு நிறுவனங்கள் நடத்திய வாழ்வாதாரப் பயிற்சிகளிலும் தையல் இருந்தது. இந்தத் திட்டங்கள் பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியவை. அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கஷ்டம் வந்தவள் கையில் கொடுக்கப்படும் பொருள் என்றே மிஷினை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். மேடையில் அமைச்சர் வழங்கும் மிஷின் படத்தைப் பல ஆண்டுகளாகச் செய்தித்தாளில் பார்த்த கண்ணுக்கு, ஆசைக்காகத் தைப்பவர் விளங்காத மனிதராகத் தெரிகிறார்.

மேலை நாட்டுக் கதை வேறு

பிரிட்டனில் பிபிசி 2013இல் வீட்டுத் தையல்காரர்களுக்கு ஒரு போட்டி நிகழ்ச்சி தொடங்கியது. அது பெரும் வரவேற்பைப் பெற்றது. அங்கே சாதாரணத் தெருவில் அளவெடுத்துத் தைக்கும் கடை ஏறக்குறைய மறைந்துவிட்டது. தன் உடம்புக்குப் பொருந்தும் உடை வேண்டுமென்றால் தானே தைக்க வேண்டும். நமக்கு அந்த நிலை இல்லை. ரெடிமேட் சட்டையையும் சுடிதாரையும் பிடித்துக்கொண்டது. பிளவுஸை முழுதாகப் பிடிக்க முடியவில்லை. எனவே தெருத் தையல்காரர் இன்னும் இருக்கிறார். இங்கே வீட்டில் தைப்பதை ஒரு தட்டுப்பாட்டின் விளைவு என்று சொல்ல முடியாது. சிக்கனம் என்றும் சொல்ல முடியாது: லைனிங், கொக்கி, நூல், கெட்டுப்போகும் முதல் நான்கைந்து துணிகள் எல்லாவற்றையும் கூட்டினால் கடைக்கூலியே மலிவாக இருக்கக்கூடும்.

அப்படியென்றால் கிடைப்பது என்ன? முதலில், தன் அளவு. நம் பெண்களில் பெரும்பாலோர் கடைக்கு 'அளவு ஜாக்கெட்' ஒன்றைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தங்கள் தோளும் கைச்சுற்றும் எத்தனை அங்குலம் என்பது கடைக்காரரின் நோட்டில்தான் இருக்கும். டேப்பைத் தானே பிடித்தவருக்குத் தோள் ஏன் இறங்குகிறது, டாட் எங்கே பிடித்தால் சுருக்கம் போகும் என்பது பிடிபடுகிறது. சுடிதாருக்கு ஒரு பாக்கெட் வேண்டுமென்றால் யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது, கூலியின் நியாயம். கிராஸ் பீஸ் வெட்டிக் கழுத்துக்குப் பட்டி வைத்து, அது சுருங்கி, பிரித்து மறுபடி தைத்தவர், தையல்காரரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசத் தயங்குவார். இருநூறு ரூபாய்க்கு விற்கும் ரெடிமேட் உடையில் தைத்தவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று யோசிப்பார். வீட்டுத் தையல் பெருகினால் கடைக்காரருக்குத் தொழில் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. கற்றுக்கொண்டவர் கடினமான பட்டு பிளவுஸுக்கு அதே கடைக்குத்தான் போவார்; அப்போது வேலையின் தரம் தெரிந்த வாடிக்கையாளராகப் போவார்.

ஊசிக்கு வேறு வேலையும் உண்டு

பணக் கணக்குக்கு அப்பால் ஊசி செய்யும் வேலையை இந்தப் பகுதி முன்பே பார்த்திருக்கிறது. சிதம்பரம் தேர்த் திருவிழாக்களில் தேரில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள்: வண்ணத் துணியை வெட்டி, துணிமேல் துணி வைத்துத் தைத்த அலங்காரம். கட்டிங்கும் வண்ணப் பொருத்தமும் கணக்கும் கலந்த அந்த வேலையைக் கலை என்று சொல்ல யாரும் யோசிப்பதில்லை. அதே திறமையோடு மீந்த துணிகளை ஒட்டுப்போட்டு ஒருவர் வீட்டில் போர்வை தைத்தால் 'சும்மா இருக்காம ஏதோ பண்ணுது' என்கிறோம்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005இல், ஆரோவில்லைச் சேர்ந்த உபாசனா என்ற வடிவமைப்பு நிறுவனம் சுற்றுவட்டார மீனவப் பெண்களோடு சேர்ந்து 'சுனாமிகா' என்ற சிறு பொம்மையைச் செய்யத் தொடங்கியது. ஆலையில் மீந்த துண்டுத் துணிகள்தான் மூலப்பொருள். பொம்மைக்கு விலை வைக்கவில்லை. அன்பளிப்பாகக் கொடுத்தார்கள், நன்கொடையால் திட்டம் ஓடியது, செய்த பெண்களுக்கு வருமானமும் கிடைத்தது. வீட்டையும் உறவையும் இழந்தவர்கள் கூடி உட்கார்ந்து பேச அது ஒரு காரணமானது. வருமானமும் மனநிறைவும் எதிரெதிர் அல்ல என்பதற்கு இதைவிடப் பக்கத்திலேயே உள்ள உதாரணம் கிடைக்காது. ஆனால் வருமானம் ஒன்றையே அளவுகோலாக வைத்திருந்தால் அந்தப் பொம்மை பிறந்திருக்காது.

யாருக்கு நேரம் இருக்கிறது?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். பொழுதுபோக்கு என்பது பொழுது உள்ளவர்களுக்குத்தானே? ஆம். வேலைக்கும் போய்ச் சமையலும் செய்யும் பெண்ணுக்கு மிஷின் முன்னால் உட்கார ஒரு மணி நேரம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும், வீட்டில் மிஷின் ஓடுகிறது என்று தெரிந்ததும் கணவரின் பேன்ட் ஆல்டரேஷன், மாமியாரின் தலையணை உறை, நாத்தனாரின் சேலைக்கு ஃபால்ஸ் என்று வேலை வந்து குவியும். ஆசையில் தொடங்கியது இன்னொரு வீட்டு வேலையாக முடியும்.

கடைவீதித் தையல் கடைகளை எண்ணிப் பார்த்தால் மிஷின் முன்னால் இருப்பவர்களில் பலர் ஆண்கள். வீட்டில் பார்த்தால் பெண்கள். கூலி கிடைக்கும் இடத்தில் அது ஆணின் தொழில், கிடைக்காத இடத்தில் பெண்ணின் கடமை. இந்தப் பிரிவினையை உடைக்காமல் வீட்டுத் தையலைக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை.

உடைக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது உடற்கல்வி, ஓவியம், இசையோடு தையலும் பாடமாக இருந்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களே அந்தப் பாடங்களுக்கு நாம் கொடுத்த மதிப்பைச் சொல்லிவிடும். தையல் ஆசிரியருக்கு முழுச் சம்பளம் கொடுத்து, ஆறு முதல் எட்டு வரை பையன்களையும் அதே வகுப்பில் உட்கார வைக்கலாம். பட்டன் தைப்பது, ஹெம்மிங், கைலி மூட்டுவது என மூன்றோடு தொடங்கினால் போதும்.

பெரியவர்களுக்கு நூலகம் இருக்கிறது. 2021இல் மாநகராட்சியான கடலூரில் மாவட்ட மைய நூலகத்திலும் சிதம்பரத்துக் கிளையிலும் நான்கு மிஷின், ஒரு கட்டிங் மேசை, வாரம் இரண்டு மாலை சொல்லித்தர ஒரு உள்ளூர்த் தையல்காரர் என்று ஏற்பாடு செய்ய பெரிய பட்ஜெட் தேவைப்படாது. மிஷின் வாங்க முடியாதவரும் வருவார், வீட்டில் உட்கார்ந்தால் வேலை ஏவப்படும் என்பவரும் வருவார். சொல்லித்தரும் தையல்காரருக்குச் சம்பளம் கண்டிப்பாக உண்டு. கற்பவர் வருமானச் சான்றிதழும் காட்ட வேண்டாம், சுயதொழில் தொடங்குவேன் என்று உறுதியும் தர வேண்டாம்.