மீன்தொட்டிக்கும் கலிங்கு வேண்டும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் பலரும் மீனின் இனத்தையும் அதன் உணவையும் குறித்து மிகுதியாய் ஆராய்வர். தொட்டியினுட் புகும் நீர் எவ்வழியே வெளியேறும் என்பதை மட்டும் இறுதியில், அதுவும் இடம் எஞ்சினால், எண்ணுவர். நமது விலங்கியல் ஆய்வுக்கூடத்திற்குப் புதுத் தொட்டியொன்று அமைக்கும் பேச்சு நடைபெறும் இந்நாளில், இடச் சுருக்கம் கருதி மூலையிற் சிறு பெட்டியொன்றும் ஒற்றைக் குழாயுமே போதுமென நண்பர் சிலர் கூறுகின்றனர். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

பழைய தொட்டியும் அத்தகையதே. மேல்தொட்டியில் மிகும் நீர் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கி, அங்கே வடிகட்டப்பெற்று, மின்விசைப் பம்பினால் மீண்டும் மேலேறும். சென்ற ஆண்டு விடுமுறை இரவொன்றில் நத்தையொன்று அவ்வொற்றைக் குழாயின் வாயில் அடைத்துக்கொண்டது. பம்போ தன் கடமையில் தவறவில்லை. கீழ்த்தொட்டி வற்றும்வரை நீரை ஏற்றி, ஏற்றியதையெல்லாம் தரையில் வழியவிட்டு, பின்னர்த் தானும் சூடேறி மாண்டது. கீழ்த்தட்டில் மாணவர் வைத்திருந்த வரைபட ஏடுகள், ஓராண்டு உழைப்பு, கூழாயின. மீன்கள் மட்டும் ஒன்றும் அறியாதனபோல் நீந்திக்கொண்டிருந்தன.

நம் நாட்டு ஏரிகளைக் கட்டினோர் இதனை நன்கறிவர். பாசனத்திற்கு மதகு, வெள்ளத்திற்குக் கலிங்கு. சில ஊர்களில் அதனைக் கலங்கல் என்பர். கலிங்கை அவர்கள் ஆழமாய் அமைத்தாரல்லர், நீளமாய் அமைத்தனர். அதன் காரணம் கணக்கிற் புலனாகும். மணிக்கு 1000 லிட்டர் நீர் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள விளிம்பைக் கடக்க வேண்டுமாயின் விளிம்புக்குமேல் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் உயரம் நிற்கும்; அதே நீர் 90 சென்டிமீட்டர் விளிம்பைக் கடப்பதற்கு 3 மில்லிமீட்டர் போதும். பம்பு நின்றவுடன் இவ்வுயரத்து நீர் முழுவதும் கீழே இறங்கும். 90 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் முன்னது நாலரை லிட்டருக்கு மேல். பின்னது ஒரு லிட்டரளவே. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில் இவ்வேறுபாடு சிறிதன்று. நீரின் மேற்படலத்துப் பிசுக்கையும் நீண்ட விளிம்பே நன்கு வாரிச் செல்லும். ஆனால் தொட்டி சற்றே சாய்ந்திருப்பினும் விளிம்பின் ஒரு பாதி உலர்ந்துவிடும். ஆதலால் மட்டப்பலகை இன்றி இவ்வேலையைத் தொடங்கலாகாது.

அங்ஙனமாயின் இடம் எங்ஙனம் மிஞ்சும்? நீளத்திலன்று, ஆழத்திலேயே சுருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அடிவரை இறங்கும் மூலைப்பெட்டி தொட்டியின் ஒரு மூலையையே விழுங்கிவிடுகிறது. அதற்கு மாறாகப் பின்சுவரின் மேல்விளிம்பையொட்டி, 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஆழமற்ற வாய்க்காலொன்றை முழு நீளத்திற்கும் ஒட்டி, சுவரிற் துளையிட்டு, குழாய்களைத் தாங்கும் பெட்டியைப் புறத்தே பொருத்தலாம். மீனுக்குரிய இடம் ஏறக்குறைய முழுதும் மீனுக்கே எஞ்சும். துளையிடுமுன் கண்ணாடி எத்தகையதென வினவுதல் இன்றியமையாதது. பதப்படுத்திய கண்ணாடி துளைக்கருவி பட்டதும் முழுதும் நொறுங்கிவிடும்.

புறப்பெட்டியில் இரு குழாய்கள் வேண்டும். முதற்குழாயின் வாய் நீரினுள் ஆழ்ந்திருக்க, அதன் கீழ்ப்புறத்து வால்வைச் சற்றே மூடினால், காற்றுக் கலவாது நீர் முழுக்குழாயாய் ஸைபன் முறையில் ஓசையின்றி இறங்கும். காற்றும் நீரும் கலந்திறங்கும் குழாயே களகளவென்று ஒலித்து விரிவுரைக்கு இடையூறு செய்வது. இரண்டாங் குழாயின் வாய் பெட்டியின் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஆயினும் பெட்டியின் விளிம்புக்குக் கீழே நிற்க வேண்டும். அதற்கு வால்வே கூடாது. முதற்குழாய் அடைபடும் நாளில் பம்பின் நீர் முழுவதையும் அது தனித்தே ஏற்க வேண்டும். எந்நாளும் உலர்ந்து நிற்கும் குழாய் வீணன்றோ என்பார் உளர். கோடையிற் கலிங்கும் உலர்ந்தே நிற்கிறது. அதனை எவரும் இடிப்பதில்லை.

பம்பிலிருந்து ஏறும் குழாயின் வாயையும் நீர்மட்டத்தையொட்டியே வைத்தல் வேண்டும். ஆழ்ந்திருப்பின் மின்சாரம் நின்றதும் அதுவும் ஸைபனாகித் தொட்டியைக் கீழிறக்கும்.

புதுத்தொட்டி அமைந்த அன்று, மீனை விடுமுன், பம்பை ஓடவிட்டு முதற்குழாயை அமைத்தவரே தம் கையால் அரைமணி நேரம் அடைத்துக் காட்டட்டும். அடுத்துப் பம்பை நிறுத்திக் காட்டட்டும். தரை நனையாதிருப்பின், ஏடுகளை மீண்டும் அத்தட்டில் வைக்க நாம் இசைவோம்.