அணிலெண்ணும் தொண்டு

ஆபிரிக்கா கண்டத்திற்குச் சென்று, அருகிவரும் விலங்குகளைக் காக்கும் பணியிற் சின்னாட்கள் தொண்டு செய்து வரவேண்டுமென்னும் ஆசை நம் மாணவரிற் சிலர்க்கு உண்டாகியிருக்கிறது. ஆசை நல்லதே. 2018-ஆம் ஆண்டிற் கென்யா நாட்டில் சூடான் என்னும் பெயர்கொண்ட காண்டாமிருகம் இறந்தபோது, வட வெள்ளைக் காண்டாமிருக இனத்தின் கடைசி ஆண் மறைந்தது. எஞ்சியவை இரண்டு பெண்களே. இச்செய்தி கேட்டு நெஞ்சு நெகிழாதார் யார்? ஆயினும், இத்தகைய தொண்டர் பெரும்பாலும் தம் கைப்பொருளைச் செலவிட்டே செல்லவேண்டியிருத்தலின், நம்மிற் பலர்க்கு அது கூடாத காரியம். கூடினும், இராஜபாளையத்தினின்று மேற்கே சில மைல் சென்றாற் காணத்தக்கதைக் காணாமலே கடல் கடப்பது முறையாமோ என்பதே நம் கேள்வி.

அய்யனார் கோவிலைச் சுற்றியுள்ள மலைக்காடு, 1988-இல் சாம்பல் நிற அணிலுக்கென்றே அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயத்தைச் சேர்ந்தது. 2021-இல் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. புலியென்றால் யாவரும் திரும்பிப் பார்ப்பர்; அணிலென்றாற் சிரிப்பர். இதுவோ முற்றத்தில் ஓடும் சிற்றணிலன்று; வாலோடு சேர்த்து நோக்கின் பூனைக்கு இளைக்காதது; தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வாழாதது.

இவ்வணில் தரையிலிறங்குவது அரிது. கிளையோடு கிளை கோத்த மரங்களின் உச்சியே அதற்கு வீதி. அண்டை மரம் வந்து தொடும் இடம் பார்த்தே கூடு கட்டும். கழுகு வந்தால் தப்பியோட வழி வேண்டுமன்றோ? ஆகவே நடுவில் ஒரு மரத்தை வெட்டுதல் பாலமொன்றை இடித்தலை ஒக்கும். மலையடிவாரத்து மாந்தோப்புக்காரரும் இதனை அறிந்திருத்தல் நலம். இலையும் குச்சியும் கொண்ட அக்கூடுகளை எண்ணியே அணிலின் தொகையை மதிப்பிடுவர். ஓரணில் பல கூடுகளைக் கட்டுமாதலின், கூட்டின் தொகையே அணிலின் தொகை என்று கொள்ளலாகாது. புதியது எது, கைவிட்டது எது என்று பொறுமையோடு தேர்தல் வேண்டும். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து நோவதன்றி வேறு கூலியில்லை; நிழற்படத்திற் காட்டும் பெருமையுமில்லை. இதனாலேயே இதனை உயர்ந்த தொண்டென்போம்.

வேற்றுச் சமயத்தார் கோவிலிருக்கும் இடத்தில் நமக்கென்ன வேலை என்பாரும் உளர். காடு எல்லோர்க்கும் பொது. விலங்குகளுக்கு ஆதாம் பெயரிட்டான் என்று நம் வேதம் கூறும். பெயரிட்டவன் வழிவந்தார்க்கு எண்ணிப் பார்க்கும் கடனில்லையோ? ஆனால், வனத்துறையார் அனுமதியின்றிக் கூட்டமாய்ச் சென்று, ஆற்றிற் குளித்து, பிளாஸ்டிக்கை எறிந்து வருவது தொண்டாகாது; அதற்குச் செல்வதினும் செல்லாமையே நன்று.

விலங்கியல் மாணவர்க்கே உரியது இது என்று தமிழ் மாணவராகிய நாம் ஒதுங்குதலும் தகாது. சங்க நூல்களில் வருடையென்று படித்துப் பொருளெழுதிய நம்முள், இம்மலையிலேயே மேயும் வரையாட்டைக் கண்டவர் எத்தனை பேர்? இங்கு வாழும் பளியர் மரஞ்செடிகளைப் பெயர் சொல்லி அறிவர். அப்பெயர்களுள் எத்தனை நம் அகராதிகளில் ஏறியுள்ளனவோ! அடுத்த கணக்கெடுப்பிற்கு வனத்துறையார் தொண்டரை அழைக்குங்கால், விலங்கியல் பயில்வாரும் தமிழ் பயில்வாரும் இணை இணையாய்ச் செல்ல ஆசிரியர்கள் ஏற்பாடு செய்யவேண்டுமென்று கோருகின்றோம். ஒருவர் கூடுகளைக் குறிக்க, மற்றவர் அம்மக்கள் வாயிற் கேட்ட பெயர்களைக் குறித்து வரட்டும்.