தலைக்கு மேலே என்ன?

சொகுசுக் கப்பலில் முதன்முறையாக அறை பதிவு செய்யப் போகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான். ஏற்கெனவே போய்வந்த மைத்துனர் சொன்னாலும் டிராவல் ஏஜென்ட் சொன்னாலும் வாசகம் மாறுவதில்லை: “ராத்திரி நிம்மதியா தூங்கணுமா? கொஞ்சம் காசு கூடப் போனாலும் மேல்தளத்துல எடுங்க. கப்பலோட நடுப்பகுதியா பாருங்க. பால்கனி இருக்கட்டும். கீழ்த்தளம் மட்டும் வேண்டாம், எஞ்சின் சத்தம் காதைப் பிளக்கும்.”

இதில் ஒவ்வொரு வாக்கியமும் பாதி உண்மை. பாதி உண்மைக்கு முழுக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதுதான் என் புகார்.

உயரத்திலிருந்து தொடங்குவோம். மேல்மாடி என்றால் அமைதி என்ற நம்பிக்கை ஊரிலுள்ள ஓட்டல்களில் உருவானது. அங்கே சத்தம் தெருவில் இருக்கிறது. நாம் ஏற ஏற அது கீழேயே தங்கிவிடுகிறது. கப்பலுக்குத் தெரு கிடையாது. சத்தம் முழுவதும் கப்பலுக்குள்ளேயே பிறக்கிறது, அதில் பெரும்பங்கு உச்சித் தளங்களில்தான் பிறக்கிறது. நீச்சல்குளம், பஃபே உணவகம், ஓடுபாதை, கூடைப்பந்து மைதானம், திறந்தவெளித் திரை எல்லாம் அங்கேதான். இவற்றுக்கு நேர் கீழே இருக்கும் அறைகளைத்தான் ‘மேல்தளம்’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

குளத்தோரத்து இசையாவது நள்ளிரவை ஒட்டி ஓய்ந்துவிடும். உண்மையான சோதனை விடியற்காலையில். பயணிகள் எழுவதற்குள் ஊழியர்கள் தளத்தைக் கழுவி, நூற்றுக்கணக்கான சாய்வு நாற்காலிகளை இழுத்து இழுத்து வரிசைப்படுத்துவார்கள். பஃபேயின் சமையல்கூடத்துக்கு அடியில் உங்கள் அறை என்றால் காலைச் சிற்றுண்டிக்கான தள்ளுவண்டிகள் உங்கள் தலைமாட்டில்தான் உருளும். ஓடுபாதைக்கு அடியில் என்றால், உடம்பைப் பற்றிய அக்கறை உள்ளவர்கள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளலாம்.

இதற்குக் காரணம் கப்பலின் கட்டுமானம். பெரும்பாலான புதிய கப்பல்களில் அறைகள் அந்தந்த இடத்தில் கட்டப்படுவதில்லை. பின்லாந்தின் பீக்கியோவில் இருப்பது போன்ற தொழிற்சாலைகளில், குளியலறை உட்பட முழு அறையாகவே செய்து, கட்டுமானத்தில் இருக்கும் கப்பலுக்குள் தள்ளிப் பொருத்துகிறார்கள். சுவர் என்பது மெல்லிய எஃகுத் தகடுகளும் அவற்றுக்கு நடுவே அடைத்த கனிமக் கம்பளியும்தான். எடை குறைய வேண்டும், தீப்பற்றக் கூடாது என்ற இரண்டு தேவைக்கும் அது பொருத்தம். பேச்சுக்குரலை அது ஓரளவு தடுத்துவிடும். ஆனால் எஃகுத் தளத்தின்மேல் எதையாவது இழுத்தாலோ போட்டாலோ அந்த ஓசை காற்றில் வருவதில்லை; எஃகின் வழியாகவே ஓடிவருகிறது. அதைச் சுவர் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது எஞ்சின் பயம். இது ஒரு காலத்து நியாயம். எஞ்சினிலிருந்து நீண்ட சுழல்தண்டு கப்பலின் அடிவயிறு வழியாகப் பின்பகுதி உந்திவரை ஓடிய கப்பல்களில், கீழ்த்தளப் பயணிகள் அதிர்வோடுதான் உறங்கினார்கள். 1987-ல் குயின் எலிசபெத் 2 என்ற கப்பல் நீராவியை விட்டு டீசல்-மின் முறைக்கு மாறியது. பிறகு வந்த சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை அதே வழிதான்: எஞ்சின்கள் மின்சாரம் மட்டும் உற்பத்தி செய்யும், உந்திகளை மின்மோட்டார்கள் சுழற்றும். எஞ்சின் நேரடியாக உந்தியோடு பிணைக்கப்படாததால் அதை அதிர்வு தாங்கும் ரப்பர் அடிமானத்தின்மேல் வசதியாக உட்கார வைத்துவிடலாம். 1998-ல் கார்னிவல் நிறுவனத்தின் இலேஷன் கப்பல் அஸிபாட் என்ற அமைப்போடு வந்தது. அதில் மோட்டாரே கப்பலின் உடலுக்கு வெளியே, தண்ணீருக்குள் தொங்கும் கூட்டுக்குள் போய்விட்டது. இப்படிப்பட்ட கப்பலில், நடுக்கடலில், கீழ்த்தள அறையில் கேட்பது ஒரு சீரான மெல்லிய முனகல். மின்விசிறி ஓடாமல் தூக்கம் வராத நமக்கு அது தாலாட்டாகக்கூட இருக்கலாம்.

கீழ்த்தளத்துக்கென்று சொந்தத் தொல்லைகள் இல்லாமல் இல்லை. பயணிகளின் கடைசித் தளத்துக்குக் கீழே ஊழியர்களின் பிரதான நடைவழி கப்பலின் நீளத்துக்கு ஓடும். அமெரிக்கக் கிழக்குக் கரையின் நெடுஞ்சாலையை நினைத்து அதை ‘ஐ-95’ என்று ஊழியர்கள் அழைப்பதுண்டு. சரக்கு வண்டிகளின் போக்குவரத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். ஆனால் கீழ்த்தளத்தில் உண்மையாகவே தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. அதை ஏனோ யாரும் எச்சரிப்பதில்லை.

அதன் பெயர் த்ரஸ்டர். கப்பலின் முன்பகுதியில், நீர்மட்டத்துக்குக் கீழே, இடமிருந்து வலமாகக் குறுக்கே துளைத்த குழாய்களும் அவற்றுக்குள் சுழலும் உந்திகளும். கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தித் துறைமேடையோடு அணைக்க இவை வேண்டும். 2009-ல் வந்த ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலின் முன்பகுதியில் இப்படி நான்கு. ஒவ்வொன்றின் திறனும் 5.5 மெகாவாட். அவை இயங்கும்போது முன்பக்கக் கீழ்த்தள அறைகளில் அலமாரிக் கதவு நடுங்கும், கண்ணாடித் தம்ளர் கிணுகிணுக்கும், ஏதோ பெரிய இயந்திரம் சரளைக்கல்லை அரைப்பதுபோல் கேட்கும். கப்பல்கள் பெரும்பாலும் விடிகாலையில்தான் துறைமுகம் நுழைகின்றன. ஏழு மணிக்குப் பயணிகளை இறக்க வேண்டுமென்றால் த்ரஸ்டர் ஆறு மணிக்கு முன்பே கண்விழித்துவிடும். பெரிய கப்பல்கள் அணையத் துறைமேடை இல்லாத கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் கப்பல் கடலிலேயே நிற்கும். அங்கே நங்கூரச் சங்கிலி இறங்குகிற ஓசையும் அதே முன்பக்க அறைகளுக்குத்தான்.

ஆக, ‘கீழ்த்தளம் வேண்டாம்’ என்பது தவறு. ‘முன்பக்கக் கீழ்த்தளம் வேண்டாம்’ என்பது சரி. அதுவும் தினம் ஒரு துறைமுகம் என்று அலையும் பயணத்துக்குத்தான். கடலில் மட்டுமே கழியும் நாட்களில் த்ரஸ்டருக்கு வேலை இல்லை.

மூடுபனி என்றால் முன்பக்கம் மேல்தளத்திலும் தப்ப முடியாது. கடல்வழி மோதல் தவிர்ப்பு விதிகளின் 35-ஆம் விதிப்படி, பார்வை மங்கிய நேரத்தில் ஓடும் கப்பல் 2 நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட சங்கொலி எழுப்பியாக வேண்டும், நள்ளிரவாக இருந்தாலும். கோடையில் அலாஸ்கா போகிறவர்கள் இதை மனத்தில் வைக்கலாம். மற்றவர்கள் மறந்துவிடலாம்.

நடுப்பகுதி பற்றிய அறிவுரை, இரண்டு வெவ்வேறு நோய்களுக்கு ஒரே மருந்தைக் கொடுக்கிற கதை. கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி மிகக் குறைவாக அசையும்; கீழே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் குறையும். கடல் ஒவ்வாமை உள்ளவர் நடுவில், கீழே எடுப்பது சரியான முடிவு. அசைவு குறைவதால் ஓசையும் குறையும் என்று யார் சொன்னது? பல தள உயரத்துக்குத் திறந்து கிடக்கும் முற்றம், இரவு வெகுநேரம் வரை அங்கே வாசிக்கும் இசைக்குழு, முக்கிய லிஃப்ட்டுகள் எல்லாம் நடுப்பகுதியை ஒட்டித்தான். லிஃப்ட் இயந்திரம் பெரிதாகச் சத்தமிடுவதில்லை. லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள்தான் சத்தமிடும்: யார் எந்தத் தளத்துக்குப் போவது, அறைச் சாவி யார் கையில், குழந்தை எங்கே. லிஃப்ட் கூடத்திலிருந்து ஏழெட்டு அறைகள் தள்ளிப் போனாலே இது அடங்கிவிடும். நடுத்தளங்களில் உயிர்காப்புப் படகுகளை ஒட்டிய அறைகள் மலிவு. ஆனால் கரைக்குப் படகில் போக வேண்டிய ஊர்களில் அந்தப் படகுகளைக் காலையிலேயே இறக்குவார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பால்கனி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பால்கனி காட்சிக்கானது, காற்றுக்கானது, தூக்கத்துக்கானது அல்ல. பக்கத்துப் பால்கனிக்கும் நமக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு மெல்லிய தடுப்பு மட்டுமே. அவர் இரவு பதினொன்றுக்குத் துபாயில் இருக்கும் தம்பியோடு பேசினால் சொத்துப் பிரச்சினை முழுவதும் நமக்கும் தெரிந்துவிடும். அவர் பால்கனிக் கதவைத் திறந்துவைத்து நடைவழிக் கதவையும் திறந்தால், காற்றழுத்தத்தில் அந்தக் கதவு அறைந்து மூடுகிற ஓசை பத்து அறைகளுக்குக் கேட்கும். எல்லாப் பால்கனியும் கடலைப் பார்ப்பதும் இல்லை. ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் உள்பக்கம் பார்க்கும் பால்கனிகள் உண்டு. அவற்றில் சில செடிகொடிகள் நிறைந்த பூங்காவைப் பார்க்கும். சில ராட்டினமும் நீர்சாகச அரங்கமும் இருக்கும் கடைவீதியைப் பார்க்கும். பெயர் ஒன்றுதான், பால்கனி. இரவு ஒத்திகையும் விளக்குச் சோதனையும் நடப்பது இரண்டாவதில்.

ஜன்னலே இல்லாத உள்ளறையை ஏளனமாகப் பார்ப்பவர்கள் அதிகம். கடற்காற்றும் கிடையாது, பக்கத்துப் பால்கனிப் பேச்சும் கிடையாது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. அமைதி ஒன்றே நோக்கம் என்றால், மேலும் கீழும் அறைகளே உள்ள ஒரு தளத்தின் உள்ளறையைவிட நல்ல இடம் கப்பலில் அரிது.

விலைக்கு வருவோம். விலை கூடிய அறை அமைதியானது என்பதற்கு ஆதாரம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2012-ல் ஏற்று, 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இரைச்சல் விதிக்கோவை ஒன்று இருக்கிறது. 10,000 டன்னும் அதற்கு மேலும் உள்ள புதிய கப்பல்களில் தூங்கும் அறைக்கு 55 டெசிபல் உச்சவரம்பு. அறைக்கும் அறைக்கும் நடுவே ஒலித்தடுப்பு குறைந்தது 35, நடைவழிக்கும் அறைக்கும் நடுவே 30. வேடிக்கை என்னவென்றால் இது ஊழியர்களின் அறைகளுக்கான விதி. பயணிகளின் அறைகள் இதற்குள் வராது. பயணிகளுக்கென இருப்பவை டிஎன்வி, லாயிட்ஸ் ரெஜிஸ்டர் போன்ற வகைப்படுத்தும் சங்கங்களின் சொகுசுத் தரச்சான்றுகள். அவை கட்டாயமல்ல, கப்பல் உரிமையாளர் விரும்பினால் வாங்கலாம். டிஎன்வியின் சான்றில் உயர்தர அறைக்குச் சாதாரண அறையைவிடக் கடுமையான வரம்பு உண்டு. ஆனால் அங்கே முதன்மையாக அளக்கப்படுவது கப்பலின் இயந்திர ஓசை. மேல்தளத்து நாற்காலியை விடியற்காலையில் இழுப்பவரை எந்தச் சான்றிதழும் தடுப்பதில்லை.

சாவி அட்டை இருந்தால் மட்டுமே நுழையக்கூடிய தனிப்பகுதிகள், எம்எஸ்சி கப்பல்களின் யாட் கிளப் மாதிரி, உண்மையிலேயே நடைவழிச் சத்தத்தைக் குறைக்கின்றன; அங்கே அந்நியர் கூட்டம் நடமாடுவதில்லை. அந்த விலையைக் கொடுக்க முடிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. நடுத்தர விலையில் இரண்டு குடும்பங்களுக்கு வசதியாக இணைப்புக் கதவு வைத்த அறைகள் வரும். அந்தக் கதவின் இடுக்கு வழியாக அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியும் சேர்ந்து வரும். தளவரைபடத்தில் சிறு அம்புக்குறியோ கோடோ போட்டுக் காட்டியிருப்பார்கள். அதே வரைபடத்தில் பெயரிடாமல் வெறுமையாக விட்ட கட்டங்களையும் சந்தேகப்பட வேண்டும். அவை பெரும்பாலும் ஊழியர்களின் பண்டக அறை, சரக்கு லிஃப்ட், சேவைக் கதவு. உங்கள் தளத்தின் வரைபடத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேல்தளம், கீழ்த்தளம் இரண்டின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கீழே நாடக அரங்கு என்றால் பத்தரை, பதினொன்றோடு முடிந்துவிடும், தாங்கலாம். இரவு நடனக்கூடம் அப்படி முடியாது.

எந்த அறை என்பதைப்போலவே எந்தப் பயணம் என்பதும் முக்கியம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டிலியா எம்ப்ரெஸ், 1990-ல் பிரான்சின் சான் நசேரில் நார்டிக் எம்ப்ரெஸ் என்ற பெயரோடு கட்டப்பட்ட கப்பல்; புளோரிடாவிலிருந்து பஹாமாஸுக்குப் போகும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அஸிபாட் வருவதற்கு முந்தைய கப்பல் என்பதால் அதன் பின்பகுதி அறைகளில் உந்தியின் அதிர்வை எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் அதைவிடப் பெரிய ஓசை வேறு. இரண்டு இரவுப் பயணத்துக்குத் தூங்கவென்று யாரும் வருவதில்லை. அலுவலகக் குழுக்கள், கல்லூரி நண்பர்கள், கல்யாணக் கோஷ்டிகள் விடிய விடிய நடைவழியில் நடமாடுவார்கள். அங்கே எந்தத் தளத்தில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இராது.

கடைசியாக, அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் மலிவுத் திட்டமும், புறப்படும் வாரத்தில் மின்னஞ்சலில் வரும் இலவசத் தரமாற்றமும். இரண்டையும் அதிர்ஷ்டம் என்கிறார்கள். வரைபடத்தோடு உட்கார்ந்து பொறுக்கி எடுத்த உள்ளறை போய், எங்கோ ஒரு பால்கனி வரும். பதிவு செய்யும்போதே ‘தரமாற்றம் வேண்டாம்’ என்று குறித்துக்கொள்ளச் சொல்லலாம். பல நிறுவனங்கள் அதற்கு இடம் தருகின்றன. ஓசியில் வருகிற பால்கனியை மறுக்கிறவரை ஏஜென்ட் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். பார்க்கட்டும். நீச்சல்குளத்துக்கு அடியில் படுக்கப்போவது அவர் இல்லையே.