இருக்கிற ஊரில் ஒரு மரம்

நாக்பூரில் நம்மவர்கள் வசிக்கும் பகுதிகளில் பண்டிகை நாளன்று நடந்து சென்றால் தமிழர் வீட்டை அடையாளம் காண்பதில் சிரமமே இருக்காது. வாசலில் கோலம் இருக்கும். நிலைப்படியில் மாவிலைத் தோரணம் இருக்கும். ஆனால் அந்த மாவிலை பெரும்பாலும் பக்கத்து வீட்டு மராட்டியரிடம் கேட்டுப் பறித்து வந்ததாக இருக்கும். நம் காம்பவுண்டுக்குள் ஒரு துளசி மாடம், நாலைந்து பூந்தொட்டிகள். மிச்சமெல்லாம் சிமெண்டுத் தளம்.

ஏன் இப்படி என்று கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கின்றன. "எப்படியும் ஊருக்குத் திரும்பப் போகிறோம்" என்பது முதலாவது. "வேர் வீட்டைப் பிளந்துவிடும்" என்பது இரண்டாவது. "ஊரிலிருந்து கன்று கொண்டுவந்து வைத்துப் பார்த்தோம், சரியாக வரவில்லை" என்பது மூன்றாவது. கேட்பதற்கு மூன்றும் நியாயமாகத்தான் தோன்றும். சற்று யோசித்துப் பார்த்தால் மூன்றுமே நிற்காது என்பது என் கருத்து.

திரும்பிப் போகும் கணக்கு

ஐந்து வருடம் என்று வந்தவர்கள் முப்பது வருடம் இருந்துவிட்டார்கள். வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், கல்யாணம் செய்து கொடுத்தார்கள். பேரன் பேத்திகள் வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் பேசுகிறார்கள். ஆனால் மண்ணைப் பொறுத்தவரை நாம் இன்னும் வெயிட்டிங் ரூமில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் பிரயாணிகளாகவே இருக்கிறோம். வண்டி எப்போது வரும் என்றும் தெரியாது; எழுந்து வெளியே போகவும் மனம் வராது.

கணக்குப் பார்ப்போம். பப்பாளி நட்ட ஓராண்டில் பழம் தரும். பதியன் போட்ட கொய்யா 2, 3 ஆண்டில் காய்க்கும். எலுமிச்சை 4 ஆண்டு, ஒட்டு மா 4 ஆண்டு என்று வைத்துக் கொள்ளலாம். ஆக, ஒரே வீட்டில் இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கப் போகிறவருக்குக்கூட இதில் நஷ்டமில்லை.

"அதற்கப்புறம் வீட்டை விற்றுவிட்டுப் போனால் யாருக்காக சார் வைக்கிறது?" என்று கேட்பார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வரும். சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், புதிய வீட்டின் பின்புறத்தில் ஒரு மாமரமோ, கொய்யாவோ, நாவலோ நிற்கும். நட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் வைத்ததை நாம் சாப்பிட்டோம். நாம் வைத்ததை அடுத்து வந்தவர் சாப்பிட்டார். எந்த ஆர்டரும் இல்லாமல், எந்த ரிஜிஸ்தரிலும் ஏறாமல் நடந்த ஏற்பாடு அது. மாற்றல் உத்தரவு கையில் இருப்பவனும் கன்று நட்டான் என்றால், சொந்த மனையில் உட்கார்ந்திருப்பவர் யோசிப்பதில் அர்த்தமில்லை.

வேரும் சுவரும்

இரண்டாவது பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பலர் நினைக்கும் காரணத்தால் அல்ல. வேர் போய்ச் சுவரைத் தள்ளி இடிப்பது அபூர்வம். இங்கே பல பகுதிகளில் உள்ளது கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பெரிய மரம் அஸ்திவாரத்துக்கு அருகில் இருந்தால், அது ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அந்தப் பக்கத்து மண் மட்டும் சுருங்கி இறங்குகிறது. அஸ்திவாரம் ஒரு பக்கம் தாழ்கிறது. சுவரில் கோணலாக விரிசல் விழுகிறது. ரயில் பாதையின் மண்கரைகளுக்கும் இதே கரிசல்தான் ஓயாத தொல்லை.

காரணம் தெரிந்தால் பரிகாரம் எளிது. மரம் எவ்வளவு உயரம் வளருமோ, ஏறத்தாழ அவ்வளவு தூரம் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். 30க்கு 50 அடி மனையில் ஆல், அரசு, புளி ஆகியவற்றை நினைக்கவே கூடாது. கொய்யா, எலுமிச்சை, சீதா, மாதுளை இவற்றைக் கவாத்து செய்து 8, 10 அடி உயரத்தில் நிறுத்திவிடலாம். செப்டிக் டேங்கும் தரையடித் தண்ணீர்த் தொட்டியும் இல்லாத ஒரு மூலை கிடைத்தால் போதும். நகரப் பகுதியில் மரத்தை வெட்ட 1975-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வைத்து, முதலிலேயே அளவான மரமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சிமெண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிச் சுற்றிலும் 3 அடி அகலத்துக்குத் தளம் போடுவது சரியான காரியம். அஸ்திவாரத்துக்கு அது பாதுகாப்பு. அதற்கு அப்பாலும் கேட் வரைக்கும் மூடிவிடுவதுதான் தவறு. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 930 லிட்டர் தண்ணீர். இந்த ஊரில் ஆண்டுக்கு 100 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பெய்வது வழக்கம். அதாவது ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மட்டும் 93,000 லிட்டர். அத்தனையையும் ஆகஸ்டில் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு மே மாதத்தில் டேங்கருக்குக் காத்து நிற்கிறோம். கொஞ்சம் திறந்த மண்ணும் அதில் ஒரு மரமும் இருந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்காவது நம் காலடியில் தங்கும்.

ஊர்க் கன்று ஏன் வரவில்லை?

மூன்றாவது பதில்தான் முக்கியமானது. நம்மவர்கள் வைத்துப் பார்ப்பது பெரும்பாலும் தென்னை, அல்லது ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்த வாழைக்கன்று. மனம் கேட்பதை வைக்கிறோம். மண்ணையும் காற்றையும் கேட்பதில்லை.

தென்னைக்குக் கடற்காற்றின் ஈரம் பிடிக்கும். இங்கே மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடுகிறது, அனல்காற்று வீசுகிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. மரம் பிழைத்துக் கொள்ளும். ஆனால் குரும்பை கொட்டும். 40 அடி வளர்ந்தபின் மட்டையும் நெற்றும் யார் தலையில் விழுமோ என்ற கவலை வேறு.

வாழை இங்கும் வரும். கோடைக் காற்றுக்கு மறைவும் விடாத தண்ணீரும் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஊரிலிருந்து கிழங்கோடு கன்று கொண்டு வருவதை நான் ஆதரிக்க மாட்டேன். முடிக்கொத்து நோய் என்ற வைரஸும், வேரைத் துளைக்கும் நூற்புழுவும் கன்றோடுதான் பயணம் செய்கின்றன. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையை அழித்தது இந்த முடிக்கொத்து நோய்தான். ஊர்ப் பாசத்தில் கொண்டு வருகிற கன்று பக்கத்துத் தோட்டங்களுக்கும் நோயைக் கொண்டு வரலாம். திசு வளர்ப்புக் கன்றை இங்கேயே வாங்குவதுதான் பொறுப்பான செயல்.

அப்படியானால் எதை வைக்கலாம்?

முதல் இடம் எலுமிச்சைக்கு. ஊறுகாய்க்கும் சாதத்துக்கும் தினமும் வேண்டியது. எலுமிச்சை இனத்துக்கு எமன், காலடியில் தேங்கும் தண்ணீர். கரிசலில் 3 அடி குழி தோண்டி, எருவும் மண்ணும் போட்டு நிரப்பினால், மழையில் அந்தக் குழி ஒரு தொட்டியாகிவிடும், வேர் அழுகும். ஆகவே குழியை நிரப்பி, அதற்கு மேல் ஒன்றரை அடி மேடு கட்டி, மேட்டின் உச்சியில் நட வேண்டும். பாத்தியைத் தண்டிலிருந்து தள்ளி வளையமாக அமைத்து, தண்ணீர் தண்டைத் தொடாமல் பாய்ச்ச வேண்டும். பாதைக்கு எதிரிகள் மூன்று: தண்ணீர், தண்ணீர், தண்ணீர் என்று எங்கள் துறையில் சொல்வதுண்டு. எலுமிச்சைக்கும் அது பொருந்தும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை இதற்கு ஊற்றாதீர்கள்; உப்பை இது தாங்காது. இளம் இலைகளில் பறவை எச்சம் போல ஒட்டிக் கொண்டிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு, கையாலேயே எடுத்துவிடலாம்.

அடுத்தது கொய்யா. லக்னோ-49, அலகாபாத் சபேதா இரண்டும் வீட்டுக்கு ஏற்றவை. புதுத் தளிரில்தான் கொய்யா பூக்கும். ஆகவே கிளைகளை வெட்டத் தயங்கக் கூடாது. வெட்டினால் மரம் அடக்கமாகவும் இருக்கும், அதிகமாகவும் காய்க்கும்.

தண்ணீர் ஊற்ற ஆளில்லை, கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விடுகிறோம் என்பவர்களுக்குச் சீதா மரம். தக்காணத்தின் கல்லாங்காடுகளில் தானாகவே வளர்கிற மரம் அது. கோடையில் இலையை உதிர்த்துவிட்டுப் பொறுமையாக நிற்கும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். சப்போட்டாவும் நல்லது, கொஞ்சம் உப்புத் தண்ணீரையும் தாங்கும். ஆனால் நிதானமாகத்தான் வளரும்.

மா வைக்க ஆசையுள்ளவர்கள் ஆம்ரபாலி என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் லக்னோ பக்கத்துத் தசேரியையும் நம் தெற்கத்தி நீலத்தையும் சேர்த்து உருவாக்கியது. குட்டையான மரம், தோப்புகளில் இரண்டரை மீட்டர் இடைவெளியில்கூட நடுகிறார்கள். பெரிய மரங்களைப்போல ஓராண்டு விட்டு ஓராண்டு ஏமாற்றாமல் ஆண்டுதோறும் காய்க்கும். தெற்கும் வடக்கும் கலந்து பிறந்த இந்த மரம், இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஏற்ற மரம் என்று எனக்குத் தோன்றும். முதல் இரண்டு ஆண்டு வருகிற பூவைக் கிள்ளிவிட வேண்டும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளையை விட்டு வைக்கக் கூடாது. நவம்பர், டிசம்பரில் தண்ணீரை நிறுத்தி, பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் மறுபடி பாய்ச்ச வேண்டும்.

நாக்பூரில் இருந்துகொண்டு கமலா ஆரஞ்சு இல்லாமலா என்று கேட்கலாம். வடிகால் நன்றாக உள்ள மண்ணானால் தாராளமாக வைக்கலாம். இங்குள்ளவர்கள் இதன் பருவங்களை அம்பியா பகார், மிருக் பகார் என்பார்கள். மிருக் என்பது நம் மிருகசீரிட நட்சத்திரம்தான். ஜூன் 7-ஐ ஒட்டி வரும் முதல் மழையில் பூப்பது. கன்றை மட்டும் தெருவில் கூவி விற்பவரிடம் வாங்காதீர்கள். அமராவதி சாலையில் மத்திய எலுமிச்சையின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; மகாராஜ்பாகில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. இத்தனை அருகில் இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு நாம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் துளையிட்டு, எலுமிச்சையோ மாதுளையோ வைக்கலாம். எந்தக் கன்றானாலும் முதல் இரண்டு கோடைகளைத் தாண்டுவதுதான் பரீட்சை. தென்மேற்குப் பக்கம் ஓலையோ சாக்கோ கட்டி நிழல் கொடுங்கள். காலடியில் காய்ந்த சருகைப் பரப்புங்கள். அடியில் சிறு துளையிட்ட மண்பானையை அருகில் புதைத்து நிரப்பி வையுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் பழமொழி. நம் ஆடி மாதம் இந்த ஊர் மழையோடு அப்படியே பொருந்துகிறது. நம் விழாக்களில் மேடையேறுகிறவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்துகிறோம். அது வீட்டில் பீரோவுக்குள் போய்விடுகிறது. இனி பொன்னாடைக்குப் பதிலாக ஒரு கன்று கொடுக்கலாம். ஆண்டுதோறும் ஆடியில் விரும்பும் உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் கன்றுகள் வரவழைத்துத் தரலாம். நட்டால் போதாது; அடுத்த ஜூனில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று நாலு பேர் போய்ப் பார்த்து எண்ணி வந்து இதே இதழில் போட வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் உள்ளபடியே போட வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்கள் சந்தோஷமாகப் போகட்டும். போகும்வரை இருக்கிற மண் இதுதான். வரும் பொங்கலுக்கு முன்னால் அவரவர் வீட்டுத் தளத்தில் ஒரு நாலடிக்கு நாலடி இடத்தையாவது உடைத்து மண்ணைத் திறந்து வையுங்கள். மழைக்காலம் வருவதற்குள் என்ன மரம் என்று வீட்டிலுள்ள பிள்ளைகளோடு கலந்து பேசி முடிவு செய்துவிடலாம்.