பனி குறைந்தாலும் பாதை இருக்கிறது!

சுவிட்சர்லாந்தில் செர்மாட் என்று ஒரு மலைக் கிராமம். குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்கு விளையாட்டு. கோடையில் என்ன வேலை? நடப்பதுதான்!

சுற்றுலாக்காரர்களின் கார் ஊருக்குள் வரக் கூடாது. 5 கிலோ மீட்டர் தள்ளி, டேஷ் என்ற ஊரிலேயே விட்டுவிட வேண்டும்.

1898-ல் திறந்த மலை ரெயில் 3,089 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. அங்கிருந்து கீழே நடந்து வரலாம். மஞ்சள் பலகைகள் வழி காட்டும். தூரத்தை அல்ல, நடக்க ஆகும் நேரத்தைச் சொல்லும்! தாத்தாவும் பேரனும்கூடக் கணக்குப் போட்டுக் கிளம்பலாம். வழியில் ரிஃபல் ஏரி. காற்று ஓய்ந்திருந்தால், 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹார்ன் சிகரம் அதில் தலைகீழாகத் தெரியும்.

கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மனத்துக்கு ஒரு கவலையும் உண்டு. அந்தப் பகுதியில் கிடக்கும் கோர்னர் பனியாறு சுருங்கி வருகிறது. உலகம் சூடாகிறது அல்லவா? மிக உயரத்தில் கோடையிலும் நடக்கும் பனிச்சறுக்கைக்கூட, 2022-ல் பனி போதாமல் சில காலம் நிறுத்தினார்கள்.

பனியை மட்டும் நம்பிப் பிழைக்கும் மலையூர்களுக்கு இது எச்சரிக்கை. அவை இப்போதே நடைபாதைகளைப் பேணட்டும். போகிறவர்களும் நடந்து பார்க்கட்டும். நடக்கிற கால் எந்தப் பனியையும் கரைப்பதில்லை!