கதவு மூடியபின் வந்த கோட்: லினக்ஸில் நடந்த மோதல் என்ன?

உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல். 9, 10 வாரங்களுக்கு ஒருமுறை அதில் புது வெர்ஷன் வரும். முதல் 2 வாரம்தான் புது வசதிகளுக்குக் கதவு திறந்திருக்கும். அப்புறம் பிழை திருத்தம் மட்டும்தான்.

2025 ஜூனில் இந்த விதியில்தான் உரசல். பிகேஷ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கியவர், இழந்த டேட்டாவை மீட்கும் புது வசதியைக் கதவு மூடியபின் அனுப்பினார். டேட்டா போனவர் அடுத்த வெர்ஷன் வரை காத்திருக்க முடியாது என்பது அவர் வாதம். லினஸ் டோர்வால்ட்ஸ் அதைச் சேர்த்துக்கொண்டார், ஆனால் 6.17-இல் வழி பிரியலாம் என்றார். 2024-லும் இதே சண்டைதான். கடைசியில், 6.18-இல் அந்த கோட் மொத்தமாகவே நீக்கப்பட்டது.

வசதி நல்லதுதான். ஆனால் அவரவர் கோட் அவரவருக்கு அவசரம். ஒருவருக்கு விலக்கு கொடுத்தால், சோதனைக்கென ஒதுக்கிய வாரங்களில் சோதிக்காத கோட் நுழைந்துவிடும். அதனால் வரும் சிக்கல், பிகேஷ்எஃப்எஸ் பெயரையே கேள்விப்படாதவர் தலையிலும் விடியலாம். லினஸ் கறாராக இருந்தது சரியே.

அதை நம்பி டிஸ்க்கை ஒப்படைத்தவர்கள்தான் பாவம். இனி அவர்கள் அதைத் தனி மாட்யூலாக நிறுவிக்கொள்ள வேண்டும்.